பின்கதவில் ஐந்து பேர்

திண்டிவனத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது நான் வேலை பார்க்கும் அலுவலகம். டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைகளுக்காக, இரும்பை வெட்டும் முன்பே அது பாரம் தாங்குமா என்று கணினியில் சோதித்துச் சொல்கிறோம். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

மென்பொருளுக்குத் தானாக எதுவும் தெரியாது. பொருளை எது அசையாமல் பிடித்திருக்கிறது, எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்ற இரண்டையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதை நம்பும். சொல்லாமல் விட்டது அதன் உலகத்திலேயே இல்லை.

இந்த அறுவடைக்கு முன் ஒரு டிரெய்லரின் பின்கதவு என்னிடம் வந்தது. கீழே இரண்டு கீல், மேலே பக்கத்துக்கு ஒரு கொக்கி. கீல்களைச் சுழல மட்டும் விட்டேன். கொக்கிகளை அசையாமல் நிறுத்தினேன். உள்ளிருந்து மூட்டைகள் தள்ளும் அழுத்தத்தைக் கொடுத்தேன். திரையில் கதவு முழுக்க நீலமாக வந்தது. தாங்கும் என்று பொருள்.

ஆனால் எங்கள் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கித் திரும்பும் வண்டியில் மூட்டை மட்டும் வருவதில்லை. ஊர்ப் பெண்கள் முதலில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் காலனிப் பெண்கள் மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஏறுவார்கள். மிஞ்சுவது பின்கதவின் மேல்விளிம்புதான். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

மேல்விளிம்பில் ஐந்து பேரின் எடையை வைத்தேன். சக்கரம் குழியில் இறங்கும் குலுக்கலுக்காக அதை இரட்டித்தேன். கொக்கிகள் இரண்டும் சிவந்தன.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு மேடம் இந்த அஞ்சு பேரு? உங்க சொந்தக்காரங்களா?"

"ஆமா. ஓரத்துல இருக்கறது எங்க அம்மா."

சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினார்.

முதலாளி வந்து பார்த்தார். "அத எடுத்துடும்மா. மூட்டை வண்டிக்கு இன்னாத்துக்கு மனுஷ லோடு?"

"ஏறிக்கினுதான் சார் போறாங்க. கொக்கிய கனமா போட்டா போதும்."

"ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்குது. நாமளே ஆள உக்கார வெச்சி ரிப்போர்ட் குடுத்தா, ஏறுங்கன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"நான் எடுக்க மாட்டேன் சார். நீங்க எடுத்தா ரிப்போர்ட்ல என் பேர் வேணாம்."

"சரி, போடல," என்றார். என் மவுஸைத் தன் பக்கம் இழுத்து, ஐந்து பேரையும் ஒரே சொடுக்கில் நீக்கினார். கதவு மறுபடியும் நீலமானது.

அறுவடை தொடங்கியதும் அந்த வரைபடப்படி செய்த டிரெய்லர்களில் ஒன்று எங்கள் ஊருக்கே வந்தது. அதே மெல்லிய கொக்கி. காலையில் அம்மா கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் மறித்தேன்.

"பின்கதவு மேல உக்காராதம்மா. கொக்கி தாங்காது. முன்னாடி போய் உக்காரு."

"முன்னாடி எவ எடம் குடுப்பா?"

"அப்ப நடந்து வா."

"நாள் முழுக்கக் குனிஞ்சி புடுங்கிட்டு அவ்ளோ தூரம் நடக்கறதா?" என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "சரிடி, பயப்படாத. கொக்கிய ஒரு கையால அழுத்திப் புடிச்சிக்கினு வர்றேன்."

சொன்னபடியே தினமும் பிடித்துக்கொண்டு வருகிறாள்.