விளக்குப் பெட்டியும் வெள்ளை ஜீன்ஸும்

எக்ஸ்ரே அக்காவுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். கனவில் வெள்ளை ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கடலோரமாக நடந்துகொண்டே இருப்பாள். கால் தரையில் பாவாது. பின்னால் யார் வருகிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்ற கவலையே இருக்காது. விழித்ததும் கை தானாகப் பின்பக்கம் போய்ப் போர்வையை இழுத்துவிடும்.

ஆஸ்பத்திரியில், ஜன்னலில்லாத அறையில், எலும்பைப் படம் பிடிப்பது அவள் வேலை. ஊரார் உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன்னுடையது கொஞ்சம் வெளியே தெரிந்துவிடுமோ என்று அப்படி ஒரு பயம். வேடிக்கைதான், ஆனால் பயம் பயம்தானே. கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஆசை ஆசையாக எடுத்த வெள்ளைப் பேன்ட்டுக்குள் அம்மா கையை விட்டு, "என் மோதிரம் தெரியுது பாரு" என்று கடைக்காரர் முன்னாலேயே திருப்பி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நீலம், கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம்.

வருகிற ஞாயிறு ஆஸ்பத்திரிக்காரர்கள் குடும்பத்தோடு கடலுக்குப் போகிறார்கள். இப்போது போடாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த துணிக்கடைக்காரருக்கு மணிக்கட்டு முறிந்தபோது படம் எடுத்தவள் அவள்தான். அந்த நன்றியில், வெள்ளை ஜீன்ஸ் கேட்டு வந்தவளிடம், "எடுத்துட்டுப் போய் நிதானமாப் பாருங்கக்கா" என்றார் அவர். சொல்லியிருக்கக் கூடாது. அக்கா நேரே தன் அறைக்குப் போய், படம் மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டியில் ஜீன்ஸை மாட்டி விளக்கைப் போட்டாள். பாக்கெட், தையல், உள்ளே விட்ட விரல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். போகவும் வரவுமாக ரோடு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கடைக்காரர் கும்பிட்டேவிட்டார். "அக்கா, அந்தப் பெட்டிகிட்ட எலும்பே தப்பல. என் துணியா தப்பும்?"

சாயங்காலம் கூட வந்திருந்த தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "துணிக்குக் கால் ஒடஞ்சிருக்கான்னா பாக்கப்போற? போட்டுக்கிட்டு வெயில்ல நில்லுக்கா. பின்னாடி நான் பாக்குறேன்."

துணி தடிப்பாக, பாக்கெட் தனியாகத் தெரியாத மாதிரி ஒன்றைத் தங்கச்சியே தேடி எடுத்தாள். உள்ளே வெள்ளை போடாதே, உடம்பு நிறத்திலேயே போடு என்று காதோடு சொன்னாள். கடை வாசலில் சாய்வெயிலில் அக்கா குனிந்தாள், நிமிர்ந்தாள், நடந்து காட்டினாள்.

"ஒன்னுமே தெரியல."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஈர மணலில் நடந்தாள். காற்று முதுகைத் தள்ளியது, வெயில் மெத்தென்று இருந்தது. தூக்கமா விழிப்பா என்றே புரியாமல், தன்னை மறந்து, அலைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டாள்.

விளக்கைச் சோதித்தார்கள், வெயிலைச் சோதித்தார்கள். தண்ணீரை யார் நினைத்தார்கள்? இடுப்பு வரை அடித்தது ஒரு அலை. வெள்ளைத் துணி தொடையோடு ஒட்டிக்கொண்டது. அக்காவின் கை பின்பக்கம் போனது.

தங்கச்சி துண்டோடு ஓடி வந்தாள். "மேல வாக்கா, இதைச் சுத்திக்கோ. எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கத்தான் செய்தார்கள், ரெண்டு பேர். மற்றவர்கள் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்கள். இத்தனை காலம் ஆசைப்பட்டது துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்காரவா என்று அவளுக்குக் கோபம் வந்தது. அம்மா மேலா, தன் மேலா தெரியவில்லை. தண்ணீர் வெதுவெதுவென்று காலைத் தொட்டது. அடுத்த அலை வந்தபோது அதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்டி" என்றாள். "துண்டை வச்சுட்டு நீயும் வா."