இரண்டு பானை நொச்சி

“1969, தை கடைசி வெள்ளி. சம்பா விதைநெல் இரண்டு பானையில் கட்டியாயிற்று. இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் அவளுடையது.” என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. அவள் என்றால் என் மனைவி. திருப்பாச்சூரில் எங்கள் நிலத்துக்கு அந்த இரண்டு பானைதான் விதை. அது கெட்டால் ஆரணியிலிருக்கும் அவள் அண்ணனிடம் கேட்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தாய்வீட்டில் ஒரு பிடி விதை கேட்டதில்லை.

அந்துப்பூச்சி வராமலிருக்க நெல்லுக்கு நடுவே நொச்சி இலையை அடுக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். ஈரம் இருந்தால் நெல் பூசணம் பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். என் பங்கு இலையைக் களத்து வெயிலில் நான்கு நாள் போட்டேன்.

“இன்னாங்க, அப்பளம் மாரி காய வெச்சிக்கிறீங்க? மோந்து பாருங்க, எதுனா வாசனை வருதா?”

“ஈரம் இருக்கக் கூடாது. புக்குல போட்டுக்கிறான்.”

“வாசனையே பூட்ச்சின்னா பூச்சிக்கு இன்னா பேஜாரு? நல்லா குந்திக்கினு துன்னும்.”

அவள் தன் இலையைக் கூடத்து நிழலில் உலர்த்தி, லேசாகக் கசக்கி, நெல்லோடு அடுக்கினாள். இரண்டு பானை வாயையும் அவளே களிமண்ணால் பூசினாள்.

ஆடியில் திறந்தோம். என் பானையிலிருந்து சாம்பல் நிறப் பூச்சிகள் பறந்தன. நெல்லை அள்ளினால் கையில் உமிதான். அன்று பார்த்து அவள் அண்ணன் வந்திருந்தார்.

“இன்னா மாப்ள, புக்கு படிச்ச நெல்ல அந்து துன்னுட்ச்சா? வெதை வோணும்னா சொல்லு, வண்டி அனுப்புறேன்.”

“வோணாம்ண்ணா. மொதல்ல என் பானைய தொறக்கட்டும்” என்றாள் அவள்.

திறந்ததும் நொச்சி நெடி மூக்கில் ஏறியது. ஒரு பூச்சி இல்லை. நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். மூன்றாம் நாள் ஒன்றிரண்டு தவிர எல்லாம் முளை விட்டிருந்தன. முளைக்காமல் போவதற்கென்று எப்போதும் ஏறக்குறைய ஒரு பங்கு கூடுதலாகவே, இரண்டு பானையும் விதைப்போம். அந்த வருஷம் கூடுதல் தேவைப்படவில்லை. ஒரே பானை விதையில் நாற்றங்கால் முழுவதும் பச்சை கட்டியது. அண்ணனின் வண்டி வரவில்லை.

நகர முடியாத செடி, தன்னைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டத்தான் இலைக்குள் அந்த எண்ணெயை வைத்திருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். வெயில் அதைக் காற்றில் ஏற்றிவிடும். அவள் அதைப் படித்தவள் அல்ல; மோந்து பார்த்தவள். அடுத்த தையில் அண்ணன் வந்து, நொச்சியை எப்படி உலர்த்துவது என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டு போனார். அதையும் அன்றைய தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எழுதும்போது எனக்கே மார்பு நிமிர்ந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. பூச்சியைத் தடுத்தது வாசனை மட்டும்தானா, அல்லது என் பானையின் களிமண் பூச்சில் எங்காவது வெடிப்பு விட்டிருந்ததா? திறக்கும் அவசரத்தில் நான் பார்க்கவில்லை. பூச்சு சரியாகத்தான் இருந்தது என்கிறாள் அவள். குறிப்பில் அது இல்லை, இதுவரை சரிபார்க்கப்படவில்லை.