சைலன்சர் கடைக்காரனின் வலது காது

பிக்கப் வண்டிக்கு சைலன்சர் மாற்ற வருகிறவர்கள் இழுவை வேண்டும் என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்; கடைசியில் காசு கொடுப்பது சத்தத்துக்கு.

மாவு மில் நடத்துகிறவர்கள், லேத் பட்டறைக்காரர்கள், பம்பை அடிக்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் என் கதை விளக்காமலே புரியும். வேட்டவலம் சாலையில் கடை போட்ட நாளிலிருந்து இன்ஜினை முறுக்கி உறுமவிட்டு, குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுத்தான் வேலையைச் சரிபார்க்கிறேன். இடது காது போய்விட்டது. வலதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலூரில் நர்ஸிங் படிக்கும் என் மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அவள் குரலைக் கேட்க எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு காதுதான்.

பஞ்சு

டாக்டர் சொன்னபடி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். புது பிக்கப் எடுத்த ஒருவர், முன்னால் கட்டிய மாலைகூட வாடாத நிலையில், சைலன்சர் மாற்ற வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். இறங்கவில்லை. என் கடை வெல்டர் ஏழுமலை போய் என்னவென்று கேட்டான். அவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "புது வண்டிங்க. மொத மொதல்ல வேலைக்கு விடறப்போ ஆளு பஞ்சு வச்சிக்கினு நின்னா எப்படிங்க? பொணத்துக்குத்தான் பஞ்சு வைப்பாங்க. எடுக்கச் சொல்லுங்க."

சத்தமில்லாத வியாபாரம்

பஞ்சு அன்றோடு குப்பைக்குப் போனது. அடுத்து ஒரு யோசனை வந்தது. சைலன்சரைக் குறைத்துக்கொண்டு ஏர் ஃபில்டர் பக்கம் போனால் காது தப்பிக்கும். காற்று தாராளமாக உள்ளே போகும் திறந்த ஃபில்டர் ஒன்றை வரவழைத்து, அதன் பெருமையெல்லாம் பேசி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை விற்கும் கீழ்பென்னாத்தூர் வியாபாரி ஒருவருக்கு மாட்டிவிட்டேன். அவர் வண்டி பாதி நேரம் களத்தில்தான் நிற்கும் என்பதை யோசிக்காதது என் மடத்தனம்.

அறுவடை முடிவதற்குள் வண்டி கரும்புகை விட்டுக்கொண்டு வந்தது. பானெட்டைத் திறந்தால் ஃபில்டரைச் சுற்றி ஒரு பழைய புடவை இறுக்கிக் கட்டியிருந்தது. தூசிக்குத் தடுப்பாம். இழுக்கக் காற்றே இல்லாமல் இன்ஜின் திணறியிருக்கிறது. கம்பெனி ஃபில்டரையே திரும்ப மாட்டி, அடிக்கடி சுத்தம் செய்தால் போதும் என்றேன். அவர் புடவையை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்: "மல்லாட்ட களத்துல காத்துன்னாலே தூசிதாங்க, அது உங்களுக்குத் தெரியல. இது வேணாம், கழட்டிக்குங்க. நல்லா சத்தமா ஒரு சைலன்சர் போட்டுக் குடுங்க."

பௌர்ணமிக்கு மட்டும்

அடி அண்ணாமலையில் தண்ணீர் கேன் போடும் பழனி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முன்னால் வருவான். மலை சுற்ற வருகிறவர்கள் திட்டுகிறார்கள், ஒரு சாமியார் மண்ணை வாரித் தூற்றிவிட்டார் என்று சொல்லி, பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போவான். பௌர்ணமி கழிந்ததும் வந்து சத்தக் குழாயை மாட்டச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் வண்டியை முறுக்கிக் காட்ட வேண்டும். என் காது அதைக் கேட்டாக வேண்டும். மனசு விட்டுப்போய் ஒரு நாள் கெஞ்சினேன். பழையதையே வைத்துக்கொள்ளப்பா, இழுவையில் ஒரு வித்தியாசமும் கிடையாது என்றேன். பழனி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இழுவை கெடக்குதுண்ணா. மத்த நாள்ல நான் வர்றது ஊருக்குத் தெரிய வேணாமா?"

நல்ல பெயர்

போன மாதம் பூ மண்டிக்கு வண்டி ஓட்டும் ஒரு வாலிபர் வந்தார். ஊரிலேயே பெரிய சத்தம் வேண்டும் என்றார். மாட்டி, முறுக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டேன். மந்தமாக இருந்தது. சத்தம் கம்மியாக இருக்கிறதே என்று, குழாய்க்குள் இருந்த தடுப்பை எடுக்கச் சொன்னேன். ஏழுமலை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்தான். மறுபடி முறுக்கினேன். அப்போதும் மந்தம்தான்.

நிமிர்ந்து பார்த்தால் ஏழுமலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறான். எதிர் டீக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ரோட்டுக்கே வந்துவிட்டார். என் கை தானாக வலது காதுக்குப் போனது. அந்த வாலிபர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "மத்த கடையில எல்லாம் சத்தம் ஜாஸ்தி, போலீஸ் புடிப்பாங்கன்னு பயமுறுத்தறாங்க. கம்மின்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதாண்ணா. நம்ம பசங்களை எல்லாம் இங்கியே அனுப்பறேன்."

அன்று சாயங்காலம்

மகள் போன் செய்தாள். போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகப் பேசும்மா என்றேன். திரும்பவும் அதையே சொன்னேன். அழுகிறாளா, லைன் போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு எங்கோ தூரத்திலிருந்து வந்தது: "கத்தித்தான்ப்பா பேசறேன். பக்கத்து ரூம் பொண்ணுங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க."

பூ மண்டி வாலிபர் சொன்ன சொல் தவறவில்லை: காது நன்றாகக் கேட்ட காலத்தில் வராத கூட்டம், இப்போது என் கடை வாசலில் வண்டியை நிறுத்த இடமில்லாமல் நிற்கிறது.