வெல்லி ஓரமாகத்தான் பார்ப்பான்

வாழைக்காய் வறுவலை மிளகாய்த் துவையலில் தோய்க்கும் முன் வெல்லி தலையை ஒருபக்கம் சாய்ப்பான், தரையில் கிடக்கும் நொய்யைக் கோழி பார்ப்பதுபோல. கிண்ணம் இருக்கும் இடம் பிடிபட்ட பிறகுதான் கை இறங்கும். இந்தோனேசியாவின் லெம்பே ஜலசந்தியில் படகு கிளம்புவதற்கு முன் எல்லோரும் நின்றபடி தின்கிற நேரம் அது. "அத்தானுக்கு மறுபடி கழுத்து பிடிச்சிக்கிச்சு. யாராச்சும் சுளுக்கு எடுத்து விடுங்கப்பா" என்பான் ஸ்டென்லி, வெல்லியின் மனைவி யுல்சேயின் தம்பி. மற்றவர்களைவிடச் சத்தமாக வெல்லிதான் சிரிப்பான்.

கரையிலிருந்து சரிந்து இறங்கும் கடலடி முழுக்க எரிமலை கக்கிய கரிய மணல். பவளம் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. பழைய டயர், பீர் பாட்டில், வார் அறுந்த செருப்பு. இந்தக் குப்பைக்குள்தான் நகக்கண் அளவு இறாலும், பாசி மாதிரி மயிர் முளைத்த தவளை மீனும் குடியிருக்கின்றன. அவற்றைப் படமெடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அவர்களோடு கடலடிக்கு முங்கி, இருக்கும் இடத்தைக் கம்பியால் சுட்டி, இன்னது என்று கைச் சாடையில் பெயரும் சொல்வது வெல்லியின் வேலை. தண்ணீருக்குள் பேச்சு ஏது? கடல் குதிரைக்கு ஒரு சாடை, தவளைக்கு ஒன்று, கணவாய்க்கு ஒன்று. வெல்லி சாடை காட்டினால் அது அந்தப் பிராணியே கையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கடலைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கடலிலிருந்து பாட்டிலை எடுத்துவந்தால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உன் வீட்டுக் கூரையை நான் வந்து பிரிச்சேனா? உள்ள முட்டை கெடக்குது பாரு. கொண்டுபோய் எடுத்த எடத்துலயே வை." தேவாலயத்தில் பாதிரியார் ஒருமுறை கடலின் தூய்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது பாதியில் எழுந்து போன ஒரே ஆள் இவன்தான்.

மனாடோ நகரத்துக் கண் மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். நடுப்பார்வை போய்விட்டது, திரும்பாது, கண்ணாடி போட்டாலும் பயனில்லை, ஓரத்தில் மிச்சமிருப்பது மிஞ்சும். எதை நேராகப் பார்த்தாலும் அது இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டை. யுல்சேயின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் காதுக்கு அப்பால் பார்க்க வேண்டும்.

"விடுதியில போய்ச் சொல்லிடுங்க. சிலிண்டருக்குக் காத்தடிக்கிற வேலையாவது குடுப்பாங்க" என்றாள் அவள்.

"கரையில நின்னா நான் யாருடி?" என்றான்.

விடுதியில் யாரிடமும் சொல்லாமல் காதை வைத்துப் பிழைத்தான். நேற்று எதை எங்கே பார்த்தோம் என்று வழிகாட்டிகள் படகில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இங்கே வழக்கம். அவன் அதை ஒரு சொல் விடாமல் மனத்தில் ஏற்றிக்கொள்வான். "நீல செருப்புக்கு எடப்பக்கம், மயிர்த் தவளை" என்றான் ஸ்டென்லி ஒருநாள். வெல்லி போனான், செருப்பைத் தடவிப் பார்த்தான், இடப்பக்கம் மங்கலாக அசைந்ததைக் கம்பியால் காட்டினான். வந்தவர் மூச்சுக் காற்று தீரும்வரை படமெடுத்தார். சாயங்காலம் பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் வெறும் பாசி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடுதியை நடத்தும் மைஸ்கே மட்டும் சிரிக்கவில்லை.

மறுவாரம் அவளே ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு படகில் ஏறினாள். "கணக்குப் பாத்துப் பாத்துத் தலை சுத்துதுண்ணே. இன்னிக்கு எனக்குக் காட்டுங்க." படகில் ஸ்டென்லி சொன்னதை மனத்துக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. டயரின் உள்வளைவில், ஸ்டென்லி சொன்ன இடத்திலேயே, தவளை மீன் உட்கார்ந்திருந்தது. ஓரக்கண்ணில் அதன் மஞ்சள் தெரிந்தது. சாடை காட்டினான். மைஸ்கேயின் கேமரா பளிச் பளிச்சென்று வெட்டியது. பிழைத்தோம் என்று நினைத்தான். பல மாதமாக இல்லாத சந்தோஷம் அது.

அப்போது அவள் தன் சிலிண்டரைத் தட்டி அவனைக் கூப்பிட்டாள். மணலில் ஓரிடத்தை விரலால் காட்டி, சுண்டுவிரல் நுனியைக் கிள்ளி அளவு காட்டினாள். அது என்ன என்பதுபோல உள்ளங்கையை விரித்தாள்.

வெல்லி குனிந்தான். நேராகப் பார்த்தான், ஓட்டை. இடமாகச் சாய்ந்தான், கறுப்பு மணல். வலமாகச் சாய்ந்தான், கறுப்பு மணல். அவ்வளவு சிறியது, அசையாதது, என்னவாக இருக்கும்? அவள் காத்திருந்தாள். ஓடில்லாத கடல் நத்தையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு விரலைக் கொம்பாக நிமிர்த்தி, நத்தை நகர்வதுபோல மெல்ல ஆட்டிக் காட்டினான். அருமையானது என்று தலையையும் ஆட்டினான்.

பளிச்சென்று வெட்டுமென்று காத்திருந்தான். வெட்டவில்லை. மைஸ்கே கேமராவைத் தூக்கவே இல்லை. காட்டிய இடத்து மணலை ஒரு பிடி அள்ளி, அவன் ஓரக்கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் நீட்டி, விரல் வழியே மெதுவாக வழியவிட்டாள். வழிந்து முடிந்தபோது அவள் கையில் ஒன்றும் இல்லை.

அவனுடைய இரண்டு விரல்களும் தண்ணீரில் நிமிர்ந்தபடியே நின்றன.