வட்டவிதானையின் வயிறும் சுஹறாவின் பீங்கானும்

அரசர்களின் வயிற்றைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். கல்முனைக்கு மேற்கே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானை மஜீடின் வயிற்றைப் பற்றி எழுத ஒருவரும் முன்வராததால், அந்தப் பொறுப்பை மிகுந்த பணிவோடு நான் ஏற்கிறேன். வயிறு அவருடையது, வரலாறு அவருடைய மனைவி சுஹறாவினுடையது.

வட்டவிதானை என்றால் சும்மா அல்ல. விவசாயிகள் கூடித் தெரிவு செய்த மனிதர். களவாக வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்புகிறவனை, சேற்றில் பதிந்த காலடியை வைத்தே பிடித்துவிடுவார். நீதிக்குக் கைகால் முளைத்துச் சைக்கிளில் போனால் அது மஜீட் என்று ஊர் நம்பியது. சுஹறா ஊரைவிட அதிகமாக நம்பினாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த நீதி, பேக்கரிப் பாண் தின்றால் பொருமவும் பணிஸ் தின்றால் கொல்லைக்கு ஓடவும் தொடங்கியது. ஊரடங்கு இல்லாத நாளாகப் பார்த்துச் சுஹறா புருசனை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் கோதுமை மா, பால், முட்டை மூன்றையும் தடை செய்தார். மஜீட் திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே இன்னொரு தடையை விதித்தார்.

"இஞ்ச, இத ஒருத்தருக்கும் சொல்லிடாத. ராத்தாக்கும் சொல்லாத. வயித்த அடக்க ஏலாதவன் வாய்க்கால எப்படி அடக்குவான் எண்டு கூட்டத்தில எழும்பிக் கேப்பானுகள்."

"ஓம், நான் ஆருக்குச் சொல்லப் போறன்?" என்றாள் சுஹறா. சொல்லவுமில்லை.

அன்றிலிருந்து அவளுடைய குசினி ஓர் ஆய்வுகூடமாயிற்று. சிவப்புப் பச்சையரிசியை இடித்து அரித்து வறுத்த மா, அதில் கொஞ்சம் குரக்கன் எனும் கேழ்வரகு மா. பசுப்பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால். முட்டைக்குப் பதில் நன்றாகக் கனிந்த கதலிப் பழம். சீனிக்குப் பதில் கித்துல் பனையின் பாணி. பொங்கிவர அப்பச்சோடாவும் தேசிக்காய்ப் புளியும். கேக் வேகவைக்கப் போறணை இல்லாத வீடு. சட்டியை அடுப்பில் ஏற்றி, தகர மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பி, மேலும் கீழும் நெருப்பு வைத்து வேகவைப்பாள். கேக்கின் மணத்துக்கு அடுத்த வளவுப் பூனைகூட வேலியில் வந்து குந்தும்.

பின்னேரத்தில் மஜீட் வயலுக்குப் புறப்படும்போது, நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டில் கேக்கை அடுக்கித் துணியால் கட்டிக் கொடுப்பாள். பொழுது சாய, மஃரிபுத் தொழுகைக்குப் பீங்கான் வெறுமையாகத் திரும்பும்.

"எப்படி?"

"சும்மா சொல்லக்கூடா, சுஹறா. சுவர்க்கத்துப் பண்டம்."

சுவர்க்கத்துப் பண்டம் தின்றவர் அதன் பிறகும் கொல்லைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தார். சுஹறா தன் கையைச் சந்தேகித்தாள். குரக்கனை நிறுத்தினாள், சோடாவைக் குறைத்தாள், கடைமாவில் கோதுமை கலந்திருக்குமோ என்று பயந்து தானே இடித்தாள். கையில் கொப்புளம் வந்தது. அவருக்குச் சுகம் வரவில்லை. தொழுகைப் பாயில் இருந்து, "யா அல்லாஹ், என்ட கையில என்ன பிழை?" என்று அழுதாள். அதைக் கேட்டும் மஜீட் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் பீங்கான் திரும்பவில்லை. வயலில் மறந்துவிட்டதாக மஜீட் சொன்னார். மறுநாள் காலை அது தானாகவே வந்தது. கொண்டுவந்தவர் நற்பிட்டிமுனையில், வயலுக்குப் போகும் வழியில் இருக்கும் மஜீடின் அக்கா, ராத்தா என்று அவர் அழைக்கும் சபியா உம்மா.

"புள்ள, தம்பி பீங்கான எங்கட ஊட்ட விட்டுட்டுப் போயிட்டான். வெறும் பீங்கானத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்கட பரம்பரையிலயே இல்ல கா."

துணியை விலக்கினார். கோதுமை மாவும் பட்டரும் முட்டையும் போட்டு மஞ்சள் மஞ்சளாக கேக்.

"இது நேத்து அவனுக்கு எண்டு எடுத்து வச்ச. தண்ணிச் சண்டை எண்டு ஆரோ கூப்பிட, திங்காமலே ஓடிட்டான்."

சுஹறா மெதுவாகக் கேட்டாள். "மதினி, இவர் அங்க அடிக்கடி வாறவரா?"

"அடிக்கடியா? ஒவ்வொரு நாளும்! நீ என்ட புருசன் காலிதீன் மச்சானுக்கெண்டு சுட்டு அனுப்புற கேக்கக் கொண்டு வாறான். அனுப்பினவட ஆளுக்கு வெறும் தேத்தண்ணியா குடுக்கிற? ரோல்ஸ், பணிஸ், பால் தேத்தண்ணி, எல்லாம் திண்டுட்டுத்தான் போவான். ஒண்டு சொல்லட்டா? மச்சானுக்கு எத்தின வருசமா இருந்த வயித்துப் பொருமல் உன்ட கேக்காலதான் போன. ஒவ்வொரு தொழுகைக்கும் உனக்கு துஆக் கேக்கிறார்."

மருந்து பலித்திருந்தது. ஆள்தான் மாறிப்போயிருந்தது.

சுஹறா கொப்புளம் காய்ந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "மதினி, இனியும் அனுப்புவன். காலிதீன் மச்சானுக்கு மட்டும். வேற ஆருக்கும் ஒரு துண்டும் குடுக்கக்கூடா."

"ஏன் புள்ள?"

"நேத்திக்கடன்."

மஃரிபுக்கு வந்த மஜீட், பாயில் மஞ்சள் கேக்கோடு பீங்கானைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

"வரம்ப வெட்டினவன எதால புடிப்பீங்க?" என்றாள் சுஹறா.

"காலடியால."

"ஆ. தின்னுங்க."

"சுஹறா, ஆம்புள ஒருத்தன் பழமும் அரிசி மாவும் திண்டுக்கிட்டு எத்தின நாளைக்கு…"

"உங்களுக்கு வேணாம் எண்டா வேணாம் எண்டு சொல்லியிருக்கலாம். நான் என்ட கையத் திட்டினனே, அது உங்கட காதில விழல்லியா?"

ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் மஜீட் பட்டர் கேக்கைத் துணியால் மூடினார்.

அடுத்த பின்னேரம் பீங்கான் வழக்கம்போலக் கட்டப்பட்டது. "இது காலிதீன் மச்சானுக்கு. கொண்டு குடுத்துட்டுப் போங்க." அன்று வயிறு முறுக்கியதால், ராத்தா நீட்டிய ரோல்ஸை முதல்முறையாக வேண்டாம் என்றார் மஜீட். காலிதீனின் கையிலிருந்த கருங்கேக்கைப் பார்த்து, "ராத்தா, அதில ஒரு துண்டு…" என்றார்.

"ஐயோ தம்பி, அது நேத்திக்கடனாம். வேற ஆருக்கும் குடுக்கக்கூடாதெண்டு உன்ட பொண்டாட்டி சொன்ன."

பீங்கான் வெறுமையாகத் திரும்பவில்லை. வளவில் பறித்த தேசிக்காய்களை ராத்தா நிறைத்து அனுப்பியிருந்தார். வாசலில் நீட்டப்பட்ட பீங்கானைச் சுஹறா வாங்கினாள். நாளைய கேக்குக்குப் புளி வந்துவிட்டது. தேசிக்காய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். நீட்டியவரைப் பார்க்கவில்லை.