காய்ச்சக்காரி மறித்த லாரி

என் லாயத்தில் இன்று முப்பத்தோரு குதிரைகள் நிற்கின்றன. ஒன்றில் தொடங்கினேன், அதுவும் நொண்டி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பல்லைப் பார்த்து வயதைச் சொல்வேன், நடையைப் பார்த்து நோயைச் சொல்வேன். எனக்குச் சொல்லிக்கொடுக்க இந்தத் தொழிலில் ஆளில்லை என்று மார்தட்டித் திரிந்தவன் நான். இன்றும் தட்டுவேன். ஒருத்தி எதிரே வந்தால் மட்டும் கை தானாக இறங்கிவிடும்.

அவளை எல்லாரும் காய்ச்சக்காரி என்பார்கள். குதிரை லத்தி அள்ளிக் கொட்டில் கழுவ வந்தவள். வந்த வாரமே ஒரு தெர்மாமீட்டரோடு நின்றாள். காலையும் மாலையும் ஒவ்வொரு குதிரையாக வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்ப்பாள், கதவில் சாக்பீஸால் எழுதுவாள்.

"ஏம்மா, எனக்கும் பாக்கிறது?" என்றார் லாடம் அடிக்கிறவர்.

"பாக்கலாமே. திரும்பி நில்லுங்க."

அவர் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அவளுக்கு அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அவள் பெண்ணுக்கு ஆறு வயதில் தொண்டை வலி வந்தது. ஐஸ் தின்றிருக்கும் என்று சுற்றி இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து நினைவு தப்பியது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. "காய்ச்சலை முதல் நாளே பாத்திருக்கலாமேம்மா" என்று அங்கே யாரோ சொன்ன வார்த்தை இவள் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

ஒரு வருஷம் புதிதாக ஒரு பெண்குதிரையை வாங்கிவந்தேன். பத்தாம் நாள் அதன் கதவில் நூற்று மூன்று என்று எழுதியிருந்தாள். நன்றாகத் தின்கிறது, மூக்கு ஒழுகவில்லை. வெயில் சூடு என்று நான் தள்ளிவிட்டேன். அவள் என்னைக் கேட்காமலே அதைக் கடைசிக் கொட்டிலுக்குக் கொண்டுபோய், தனி வாளியும் வைத்துவிட்டாள். இரண்டே நாளில் மூக்கில் சீழ், தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவு கட்டி. அதோடு சேர்த்து ஏழு குதிரை படுத்தது. அவள் பிரிக்காமல் இருந்திருந்தால் அத்தனையும் படுத்திருக்கும்.

மாட்டு டாக்டரம்மாதான் விவரம் சொன்னார். "ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி. மனுஷங்க தொண்டைக்கு ஒண்ணு, குதிரைக்கு ஒண்ணு. ரெண்டும் பங்காளிங்க. அதுங்க விடுற சில நஞ்சுக்கு சூப்பர் ஆன்டிஜென்னு பேரு. நம்ம உடம்புல காவல் இருக்கிற செல்லுங்க எதிரியை அடையாளம் பாத்துதான் கிளம்பும். இந்த நஞ்சு அடையாளமே பாக்க விடாம கூட்டங்கூட்டமா கிளப்பிவிட்டுடும்."

"ஒரு திருடனைக் காட்டாம ஊரையே உசுப்பிவிட்டு, ஊர்ச் சொத்தை ஊர்க்காரனே அடிச்சு நொறுக்கிற மாதிரி?" என்றேன்.

"காலேஜ் பிள்ளைங்க கூட இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்க மாட்டாங்க" என்றார். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

"அப்போ என் பொண்ணுக்கு வந்ததும்?" என்று காய்ச்சக்காரி கேட்டாள்.

"அந்த வம்சந்தாம்மா."

அவள் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு அடுத்த குதிரையிடம் போனாள்.

மூன்று மாதத்தில் எல்லாம் தேறிவிட்டன. அப்போது என் மகள் சொந்தமாகக் குதிரைப் பண்ணை தொடங்கியிருந்தாள். இருபத்திரண்டு குதிரைகள், பாதிக்கு மேல் குட்டிகள். அவளுக்கு என் குதிரை வெள்ளையனைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவனுக்கும் கட்டி வந்து ஆறியதுதான். ஆனால் வெள்ளிப் பாத்திரம்போல் மின்னினான். லாரி வந்து, குதிரை ஏறுகிற பலகையை இறக்கியது. காய்ச்சக்காரி அந்தப் பலகைமேல் ஏறி நின்றுகொண்டாள்.

"இவனை அனுப்பாதீங்க முதலாளி."

"மூக்கைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு."

"மூக்கு சரி. தொண்டைக்குப் பின்னால இருக்கிற பையில கிருமி ஒளிஞ்சிருக்கலாம், கேமரா விட்டுப் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்கதான் என் குதிரைக்கு ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டீங்க."

"யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது. அங்க குட்டிங்க இருக்கு. ஒரே தொட்டியில இவன் வாய் வெச்சாப் போதும். என்னை வேணா அனுப்பிடுங்க, இவனை அனுப்பாதீங்க."

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டான். நாற்பது வருஷத்தில் என்னை யாரும் மறித்ததில்லை. அவள் பாதம் பலகையை விட்டு நகரவில்லை. அதே நேரம் மகள் போனில், "கிளம்பியாச்சாப்பா?" என்கிறாள். "இரும்மா" என்று போனை வைத்தேன்.

"டாக்டரம்மா வந்து பாக்கட்டும். ஒண்ணும் இல்லேன்னா நாளையிலிருந்து நீ வரவேண்டாம்" என்றேன்.

மறுநாள் காலை மூக்கு வழியாகக் குழாய் போனது. சின்னத் திரையில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சீழ் இறுகி ஆற்றுக் கூழாங்கல்போல் நான்கு உருண்டைகள். நான் தரையைப் பார்த்தேன். 'சொன்னேன்ல' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டதோ, "எடுக்கும்போது அவனுக்கு வலிக்குமா டாக்டரம்மா?"

ஐந்து வாரம் பையைக் கழுவினார்கள். மூன்று பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகே லாரியை வரச்சொன்னேன். குதிரையோடு அவளும் ஏறிப் போனாள். மாலையில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, இந்த அக்கா வெள்ளையனை மத்ததுங்களோட விடமாட்டேங்கறாங்க. மூணு வாரம் தனியாத்தான் கட்டணுமாம். இங்க முதலாளி நானா, அவங்களா?"

"சொன்னபடி கேளும்மா" என்றேன். "நானே கேட்டேன்."