பல்லியின் பின்பாதி

பல்செட்காரர் என்றால் அந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். அறுபத்தெட்டு வயதிலும் கை நடுங்காது. தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். அது அவருடைய குணம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். அது பயம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இருபது வயதிலிருந்து ஒன்பது வருடம் அவர் மாயாஜாலப் படங்களில் ராட்சதப் பல்லியாக இருந்தவர். முழுப் பல்லிகூட இல்லை, பின்பாதி. ரப்பரும் சாக்கும் சேர்த்துத் தைத்த அந்த உடுப்புக்குள் இரண்டு பேர் நுழைய வேண்டும். முன்னால் நிற்பவர் தலையையும் முன்னங்கால்களையும் ஆட்டுவார். பின்னால் குனிந்து நிற்பவர் அவர் இடுப்பைப் பிடித்தபடி நடந்து, கயிற்றை இழுத்து வாலைச் சுழற்றுவார். முன்னால் நின்றவருக்கு ஸ்டுடியோவில் ‘தலை’ என்று பெயர். இவருக்கு ‘வாலு’.

ஒருநாள் குகை செட்டில் போட்ட புகை அளவு மீறிவிட்டது. வாலு உள்ளேயே மயங்கி விழுந்தார். தலைதான் அந்தப் புகையில் தட்டுத்தடுமாறி, உடுப்போடு சேர்த்து அவரை வாசல்வரை இழுத்து வந்து போட்டார். இரண்டு முழங்கையும் தோலுரிந்து ரத்தம் வடிய, “நீ போயிட்டா நான் யாரோடடா நடக்கிறது?” என்று சிரித்தார்.

இப்படிப்பட்ட வேலையை அவர் விட்டதற்குக் காரணம் புகை அல்ல, ஒரு சிரிப்பு. பெண் கேட்டுப் போன வீட்டில் என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். ஒளிக்காமல் சொன்னார். பெண்ணின் அண்ணன், “பின்பாதியா? அப்ப கல்யாணத்துக்கு முன்பாதியும் கூட வருமா?” என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. உள்ளறையிலிருந்து அந்தப் பெண்ணின் சிரிப்பும் கேட்டது. அடுத்த மாதமே பல் செய்யும் பட்டறையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு கட்டிக்கொண்ட மனைவியிடம் அவள் கண்மூடும்வரை இதைச் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

மகள் கல்லூரி ஆசிரியை. திரைப்படச் சங்கம் ஒன்றையும் நடத்திவந்தாள். ஒருநாள் பட்டறைக்கே வந்து, “ஞாயித்துக்கிழமை நீங்க கண்டிப்பா வரணும்பா. யாரும் மதிக்காத படங்களப் பத்தி ஒரு தொடர் ஆரம்பிக்கிறோம். முதல்ல மாயாஜாலப் படம்” என்றாள்.

அவர் கையிலிருந்த மெழுகு நழுவியது. “அதெல்லாம் எதுக்கும்மா? சின்னப்புள்ளைங்க பாக்குறது.”

“இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அத ஒழிச்சுக் கட்டினாங்க.”

தட்டமுடியவில்லை, போனார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். நாற்பது பேர் இருப்பார்கள். திரையில் பழைய படத்தின் ஒரு துண்டு ஓடியது. குகையிலிருந்து பல்லி வந்தது. வால் சுழன்று தூணை அடித்தது. யாரும் கேலி செய்யவில்லை, ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு மகள் பேசினாள்.

“இப்பல்லாம் ஹீரோ வெறும் காத்தப் பாத்துப் பயப்படுறாரு. மிருகம் அப்புறமா கம்ப்யூட்டர்ல வந்து சேருது. இங்க எதிர்லயே ஒண்ணு நின்னுச்சு, மூச்சு வாங்குச்சு. ஒரே சீன்ல பயமும் வருது, சிரிப்பும் வருது. இத மட்டமான ரசனைன்னு யார் முடிவு பண்ணினது? இந்த வகைப் படம் மறுபடியும் வரணும்.”

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். அதற்குள் மகள் விருந்தாளியை மேடைக்கு அழைத்தாள். கைத்தடியோடு ஏறியவர் தலை.

“என் தலைய எவன் வேணா ஆட்டலாம்ங்க. அந்த வால் அசையுது பாருங்க, அதுதான் நடிப்பு” என்று ஆரம்பித்தவர், மூன்றாவது வரிசையில் கண் பட்டதும் நின்றார். முகம் மலர்ந்தது. “டேய் வாலு! நீயாடா?”

நாற்பது தலைகளும் திரும்பின. மகளும் பார்த்தாள். பல்செட்காரர் தன் குரலைத் தானே கேட்டார்: “நீங்க வேற யாரையோ நெனச்சுப் பேசுறீங்க. நான் பல்செட் செய்யறவன்.”

தலை ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு, “மன்னிச்சுக்குங்க சார். கண்ணுல பொரை. யாரப் பாத்தாலும் அவனாட்டமே தெரியுது” என்றார். அரங்கம் சிரித்தது. மகளும் சிரித்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மகள், “பாவம்பா அந்தப் பெரியவர்” என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசை அச்சில் பதித்தார். அதற்கு மறுநாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மகளின் மேசையிலிருந்த நோட்டில் தலையின் விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

மாடியில் ஓர் அறை. தலை கதவைத் திறந்தார். “வாங்க சார், உக்காருங்க.”

“சார்னு சொல்லாதடா.”

“பல்லிய விட்டுட்டுப் பல்லுக்குப் போயிட்டீங்க. நடுவுல அந்த ‘லி’ய எங்க தொலைச்சீங்க?”

சிரிக்க முடியவில்லை. “வெக்கமா இருக்குடா.”

“எதுக்கு? வாலா இருந்ததுக்கா, இல்லன்னு சொன்னதுக்கா?”

“அன்னிக்கி அதுக்கு. இப்ப இதுக்கு.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. நீங்க இல்லன்னதும் அந்தப் பொண்ணு நெத்தியப் பாத்தேன், உங்க நெத்தி. உங்க பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு. அவ முன்னாடி உங்கள மாட்டிவிட மனசு வரல.”

பல்செட்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தலை தேற்றவில்லை. “முதல்ல அவகிட்ட சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே சொன்னார். மகள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்தாள். “நீங்க பல்லியா இருந்ததுல எனக்கென்னப்பா குறைச்சல்? ஊரெல்லாம் அதப் பத்தித்தான பேசிட்டுத் திரியறேன். ஆனா அவரப் பாத்து நானும் சிரிச்சேனே. என்னைய சிரிக்க விட்டுட்டு உக்காந்திருந்தீங்களே” என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, அப்பா கேட்டுக்கொண்டபடி மகள் அவரை மேடையேற்றினாள். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தார். அதை மடித்துப் பையில் போட்டுவிட்டு, “போன வாரம் இவர் ஆளு மாறிப் பேசல. நான்தான் பொய் சொன்னேன்” என்றார். கீழே உட்கார்ந்திருந்த தலை நிமிரவில்லை. யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்து, வாலுக்கு எத்தனை கயிறு என்று கேட்டாள். மூன்று என்றார். எந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்று சொல்லத் தொடங்கியவர் அரை மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு பேசி மகள் கேட்டதே இல்லை.

இப்போது வாரம் ஒருமுறை அந்த மாடிக்குப் போகிறார். பேச்சுக்குக் குறைவில்லை, பழைய செட்டுகளைப் பற்றி இருவரும் சண்டைகூடப் போடுகிறார்கள். ஆனால் கிளம்பும்போது தலை வாசல்வரை வந்து, “பாத்து எறங்குங்க” என்கிறார். அந்த ‘ங்க’ ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கிறது. ‘டா’ இன்னும் வரவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது? தலையைக் குனிந்துகொண்டு படியிறங்குகிறார்.